முசுறு ஏறிய மாந்தோப்பு

அந்தத் தூக்குப்போசியை மாந்தோப்புக்கார அக்கா மேசைமேல் வைத்தபோது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் பாயசம்தான் ஞாபகம் வந்தது. பாலக்காட்டு முதலமடைப் பக்கத்து விவசாயிகள் கிருஷி பவனுக்கு, அதாவது எங்கள் வேளாண் அலுவலகத்துக்கு, வெறுங்கையோடு வருவது குறைவு. ஒரு சீப்புப் பழமோ, ஒரு பிடி அவரைக்காயோ, வீட்டில் விசேஷம் என்றால் ஒரு போசியில் இனிப்போ கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். அக்கா கொண்டுவந்த போசியின் மூடியைத் துணி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. சிந்தாமல் இருக்கக் கட்டியிருப்பார் என்று நினைத்தோம். எங்கள் ஆபீசர் மேடம் மலையாளி. இனிப்பு என்றால் காத்திருக்க மாட்டார். "எந்தா சேச்சி, விசேஷம்?" என்று சிரித்துக்கொண்டே அவரே கட்டை அவிழ்த்தார். உள்ளே மாவிலைகளைப் பந்துபோல் சேர்த்து ஒட்டிய ஒரு கூடு இருந்தது. அதை நாங்கள் கூடு என்று புரிந்துகொள்வதற்குள் மேசை சிவந்துவிட்டது. மேடம் நாற்காலிமேல் ஏறி நின்றார். நான் சுவரோடு ஒட்டினேன். கோப்புகளுக்கு மேலும் கணினிக்கு அடியிலும் எறும்புகள் பாய்ந்துகொண்டிருக்க, அக்கா மட்டும் நின்ற இடத்தில் நின்று, "இதைய வளக்கோணுமா ஒழிக்கோணுமா, ஒண்ணு சொல்லிப்போடுங்க. நான் போய் ரெண்டு பேருத்துக்குப் பதில் சொல்லோணும்" என்றார்.

அது முசுறு. மரத்தில் இலைகளை இழுத்துச் சேர்த்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. மலையாளத்தில் நீறு என்பார்கள். கடித்தால் கடித்த இடத்தில் தன் புளிப்பையும் விட்டுவிட்டுத்தான் போகும். மேடம் நாற்காலியிலிருந்து இறங்காமலேயே அக்காவுக்குப் பதில் சொன்னார்; நான்தான் தமிழில் எடுத்துச் சொன்னேன். வளர்க்கலாம், மாம்பூவைக் கெடுக்கும் தத்துப்பூச்சியை இது தின்னும், காயைத் துளைக்கிற வண்டும் ஈயும் இது இருக்கும் மரத்தை அண்டாது, ஆனால் மருந்து அடித்தால் முதலில் சாவது இதுதான் என்று சொன்னேன். அக்கா தலையாட்டிக்கொண்டு கேட்டார். "அப்ப மாஷ் சொன்னது செரிதான்" என்று போசியை எடுத்துக்கொண்டார். பிறகு மேசையைப் பார்த்து, "மிச்சத்தை நீங்களே வெச்சுக்கங்க" என்றார். அன்று மாலை வரை நாங்கள் காலைத் தரையில் வைக்காமல்தான் வேலை பார்த்தோம்.

நான் அப்போது அந்த அலுவலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படித்தவன் நான்தான் முதலில். அம்மா மாங்காய் தரம் பிரிக்கிறவர். அப்பா காய் பறிக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. முதலமடையில் பாதித் தோப்புகளில் அப்பா ஏறாத மரம் இல்லை. ஆபீசில் உட்கார்ந்து மாமரத்தைப் பற்றி விவசாயிகளுக்கு நான் சொல்கிறேன் என்பதில் அவருக்குப் பெருமையும் உண்டு, சிரிப்பும் உண்டு. அன்று வீட்டுக்குப் போய் எறும்புக் கதையைச் சொன்னேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா மட்டும் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "எறும்பு வளக்கச் சொல்றதுக்குத்தான் உனக்குச் சம்பளங் குடுக்கறாங்களா கண்ணு? நாளைக்கு அந்த மரத்துல ஏறப் போறது ஆரு, உங்க மேடமா?" என்று கேட்டார். எனக்கு அப்போது அந்தக் கேள்வியின் கனம் தெரியவில்லை.

அக்கா பதில் சொல்ல வேண்டிய ரெண்டு பேரில் ஒருவர் மாஷ்; வாத்தியாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அக்காவின் தோப்புக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவுக்கு அறிவியல் சொல்லிக்கொடுப்பவர். மூணாறு பக்கம் சித்திரபுரத்தில், எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். தேயிலை மலைக்காரர், அவர் பேசும் தென்பாண்டித் தமிழைக் கேட்டு முதலமடையில் எல்லோரும் ஒரு வருஷம் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டது. தோப்புக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் மார்பளவு உயரத்தில் ஒரு மதில். அந்த மதிலுக்கு இந்தப் பக்கம் மாஷும் அந்தப் பக்கம் அக்காவுமாக நின்று சண்டை போடுவது ஊரில் பிரசித்தம். ஐப்பசியில் மாமரம் பூத்ததும் எல்லாத் தோப்பிலும் மருந்தடிக்கிற மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும். காற்று பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பினால் வகுப்பறை ஜன்னல்களைச் சாத்துவார்கள். சாத்தினாலும் வாசனை வரும். மாஷ் மதிலோரம் வந்து நிற்பார்.

"ஏக்கா, மருந்து பூராவும் எங்க கிளாசுக்குள்ள வருது."

"காத்துக்கு நானா வழி சொல்லித் தர்றேன்? நீங்க பாடம் நடத்தறதும்தான் என்ர தோட்டத்துக்குள்ள வருது. நான் ஏதாச்சும் சொன்னனா?"

"நான் பொய் சொல்லுதேன்னு நினைச்சியன்னா ஒரு நா வந்து உள்ள இருந்து பாருங்க."

"உக்காந்தா என்ன, எம்.ஏ. பட்டங் குடுப்பீங்களா?"

வாய்ப்பேச்சுக்குச் சொன்னாலும் அக்கா சொன்னதை விடுகிற ஆள் இல்லை. ஒரு நாள் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே மதிலைச் சுற்றி வந்து, வகுப்புக்குள் நுழைந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு, முழங்கால் இடித்ததாம். அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடம் கேட்பதில் பிள்ளைகளுக்குத் திருவிழாச் சந்தோஷம். மாஷ் கரும்பலகையில் படம் போட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பியது. அக்காவுக்குக் கண் எரிந்திருக்கிறது, மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டிருக்கிறார், எழுந்து போனால் தோற்றதாகிவிடும் என்று உட்கார்ந்தும் இருக்கிறார். அப்போது பக்கத்தில் இருந்த ஒரு பெண்பிள்ளை தன் பெட்டியைத் திறந்து, நாலாக மடித்த ஈரக் கைக்குட்டை ஒன்றை எடுத்து அக்காவிடம் நீட்டியது. இன்னொன்று அதன் மூக்கின்மேல் ஏற்கெனவே இருந்தது.

"எதுக்குக் கண்ணு இது?"

"மருந்தடிக்கிற நாளுக்குங்க. எல்லாரும் கொண்டாருவோம்."

அக்கா திரும்பிப் பார்த்தார். வகுப்பு முழுக்க ஈரக் கைக்குட்டைகள். பென்சில், ரப்பர், ஈரக் கைக்குட்டை. மாஷ் எனக்கு இந்தக் கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அக்கா அந்தக் கைக்குட்டையை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழுந்து போய்த் தோப்பில் மோட்டாரை நிறுத்தினார். குழாயைப் பிடித்திருந்த ஆள், பாதி மரம் பாக்கி இருக்கிறதே என்று கேட்டதற்கு, "பாக்கி இருக்கட்டும்" என்றாராம்.

நிறுத்தியதோடு முடிந்துவிடவில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். தோப்பு ஒருவருடையது என்றால் காயும் அவருடையது என்று அர்த்தமில்லை. மரம் பூக்கும்போதே காயைக் குத்தகைக்குப் பேசிவிடுவார்கள். குத்தகை எடுத்தவர்தான் மருந்தடிப்பார், காவல் போடுவார், ஆள் வைத்துப் பறிப்பார், லாரி ஏற்றுவார். அக்காவின் தோப்பைப் பல வருஷங்களாக எடுத்துவந்தவர் ஒரு ராவுத்தர். மாங்காய் மண்டி வைத்திருப்பவர், வெள்ளைச் சட்டையில் ஒரு கறைகூடப் படாமல் தோப்பு முழுக்க நடக்கத் தெரிந்தவர். அக்கா பதில் சொல்ல வேண்டியிருந்த இன்னொருவர் அவர்தான். மருந்தே வேண்டாம் என்று அக்கா சொன்னபோது, "அம்மிணி, பூச்சி என்ன உங்க சொந்தக்காரனுங்களா, வராதேன்னா வராம இருக்கறதுக்கு?" என்று கேட்டார். ஆனால் பல வருஷப் பழக்கம். ஒரே ஒரு சீசன் விட்டுக்கொடுத்தார். மருந்தில்லாமல் காய் பிடித்து, நேரத்துக்குப் பறித்து, வடக்கே முதல் மாங்காய்க்குக் கிராக்கி இருக்கும்போதே லாரி போய்ச் சேர்ந்தால் இனி அக்கா சொன்னபடி. போகாவிட்டால் அடுத்த பூவிலிருந்து பழையபடி மருந்து. அக்கா குறுக்கே நிற்கக் கூடாது. அக்கா சரி என்றுவிட்டார். மருந்தடிக்கிற வண்டியை, அந்தப் பெரிய டிரம்மையும் மோட்டாரையும் நீளக் குழாயையும், ராவுத்தர் தோப்பிலேயே விட்டுவிட்டுப் போனார். "இருக்கட்டும், தேவைப்படும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அக்கா அந்த டிரம்மைக் கழுவிக் கழுவிச் சுத்தம் செய்து, வெயில் காலம் முழுக்க நாற்றுகளுக்குத் தண்ணீர் விட வைத்துக்கொண்டார்.

மருந்து நின்ற பிறகு வந்த மழைக்காலத்தில்தான் முசுறுகள் வந்தன. யாரும் கொண்டுவந்து விடவில்லை. முதலில் மதிலோரத்து மரத்தில் ஒரு கூடு, பிறகு பக்கத்து மரத்தில். அதில் ஒன்றைத்தான் அக்கா போசியில் போட்டு எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். மரத்துக்கு மரம் கயிறு கட்டினால் எறும்புகள் கயிறு வழியாகவே போய்வரும் என்று மாஷ் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கயிறு கட்டினார்கள். எறும்புகள் கயிற்றில் வரிசையாக நடப்பதைப் பார்க்க மதிலோரம் கூட்டம் நிற்கும். வகுப்பில் கவனிக்காத பிள்ளைகள்கூட எந்தக் கூட்டிலிருந்து எந்த மரத்துக்கு எறும்பு போகிறது என்று சரியாகச் சொல்வார்கள் என்று மாஷ் பெருமைப்பட்டுக்கொள்வார். பூ வந்தது. அக்கா தினமும் காலையில் ஒரு பூங்கொத்தை உள்ளங்கையில் தட்டிப் பார்ப்பார், தத்துப்பூச்சி விழுகிறதா என்று. விழுந்தது, ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. பிஞ்சு பிடித்தது. செந்தூர ரகத்தில்தான் முதலில். தையில் அக்காவின் தோப்பில் தொங்கிய காய்களைப் பார்த்தவர்கள் ஒன்றைத் தவறாமல் சொன்னார்கள்: தோலில் ஒரு புள்ளி இல்லை.

இனி பறிக்க வேண்டியதுதான். பறிக்க வந்தவர் எங்கள் அப்பா.

முதல் நாள் ஏறியவர்கள் ஏறிய வேகத்தில் இறங்கினார்கள். முசுறு கண்ணிமையில் கடிக்கும், காதுக்குள் போகும், சட்டைக்குள் இறங்கும். சாம்பலைப் பூசிக்கொண்டு ஏறிப் பார்த்தார்கள். வியர்வையில் சாம்பல் கரைந்ததும் மறுபடி இறங்கினார்கள். கீழே நின்று நுனியில் வலைப்பை கட்டிய கம்பால் எட்டியவரை பறித்தார்கள். நல்ல காயெல்லாம் மேலே இருந்தது. அப்பா துண்டை உதறிக்கொண்டே அக்காவிடம், "மருந்தடிச்சு இதைய ஒழிச்சுத் தாங்க, நாளைக்கே பறிச்சுக் குடுத்தர்றோம். இல்லீன்னா எங்களால ஆகாதுங்க" என்றார். அவர் கேட்டதில் தப்பு என்று யாரால் சொல்ல முடியும்? அவர் ஆட்களின் கழுத்தும் கையும் தடித்துக் கிடந்தன. அன்று நானும் அங்கே நின்றேன். எறும்பை வளர்க்கச் சொன்ன அலுவலகத்து ஆள் நான், எறும்பு கடித்தவர் என் அப்பா. அக்கா, அப்பா இருவர் முகத்தையும் பார்க்க முடியாமல் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராவுத்தர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். இன்னும் இரண்டு நாள் தாண்டினால் மற்றத் தோப்புக் காய்களும் வந்து குவிந்துவிடும், பிறகு இந்த லாரி போய்ப் பிரயோஜனம் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலை அக்கா அப்பாவைச் சீண்டினார். வேறு வழி தோன்றாமல்தான் சீண்டியிருக்க வேண்டும்.

"ஏனுங்க மேஸ்திரி, ஒடம்பு கனத்துப் போச்சுன்னு நேராச் சொல்லிப்போடுங்க. பாவம், எறும்பு மேல எதுக்குப் பழியப் போடறீங்க?"

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மதிலோரத்து மரத்தில், கூடுகள் அதிகம் இருந்த மரத்திலேயே, தனியாக ஏறினார். விறுவிறுவென்று நடுக்கொம்புக்குப் போய்விட்டார். அங்கே ஒரு கூட்டின்மேல் கை பட்டிருக்க வேண்டும். ஒரு கையால் கொம்பைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கழுத்தையும் முதுகையும் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார். இறங்கவும் முடியவில்லை, இறங்க இரண்டு கையும் வேண்டும். சத்தம் கேட்டு மாஷ் வகுப்பை விட்டு மதிலுக்கு ஓடிவந்து, "அண்ணாச்சி, கண்ண மூடிக்கிடுங்க, கண்ண மூடிக்கிடுங்க" என்று கத்தினார். எனக்குக் கைகால் ஓடவில்லை. அக்காவுக்கு ஓடியது. நாற்றுக்குத் தண்ணீர் நிறைத்து வைத்திருந்த டிரம்மின் மோட்டாரைத் தட்டிவிட்டு, குழாயைத் தூக்கிப்பிடித்து, மருந்தடிக்கிற மாதிரியே அப்பாவின்மேல் தண்ணீரை அடித்தார்.

எறும்புகளைக் கழுவித் தள்ளிவிடலாம் என்றுதான் அக்கா நினைத்தார். அப்பா மூச்சுத் திணறி, "போதுங்க, போதுங்க" என்று கத்தினார். அக்காவுக்குக் குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் மரம் முழுக்க நனைந்தது. இலையெல்லாம் சொட்டியது. அப்படிச் சொட்டிக்கொண்டிருக்கும்போது அப்பாவின் கத்தல் நின்றது. கீழே எல்லோரும் பயந்துபோய் அண்ணாந்து பார்த்தோம். அவர் கொம்பில் அசையாமல் உட்கார்ந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் எறும்பு இல்லை. கொம்பிலும் இல்லை. எல்லாம் மழை வந்துவிட்டது என்று நினைத்துக் கூட்டுக்குள் போய்விட்டிருந்தன. அக்கா மோட்டாரை நிறுத்தப் போனார்.

"நிறுத்தாதீங்க" என்று மேலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அக்கட்டால இருக்கற கொம்புக்கும் அடிங்க."

அக்கா அடித்தார். அப்பா தலையிலிருந்து தண்ணீர் வழிய, எட்டி ஒரு காயைக் காம்போடு திருகிப் பறித்தார். பிறகு இன்னொன்று. பிறகு கீழே பார்த்து, "கூடையக் கட்டி அனுப்புங்கடா, வேடிக்கை பாத்துட்டு நிக்கறீங்க" என்று ஆட்களை அதட்டினார். அந்த அதட்டலைக் கேட்டதும் மாஷ் மதிலில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்த சிரிப்பை எழுத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவருக்குப் பின்னால் வகுப்பு முழுவதும் நின்று சிரித்தது. முதல் பாடவேளை அத்தோடு போயிற்று.

ஒவ்வொரு மரமாகத் தண்ணீர் அடித்து, எறும்பு உள்ளே போனதும் ஏறி, அவை வெளியே வருவதற்குள் பறித்து இறங்கினார்கள். கடி அடியோடு நிற்கவில்லை, தாங்கும் அளவுக்குக் குறைந்தது. ஆட்கள் தலை முதல் கால் வரை நனைந்து, கொம்புக்குக் கொம்பு கிண்டல் செய்துகொண்டு, குற்றாலத்துக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். ஆனால் குவியலைப் பார்த்த ராவுத்தர் தலையில் கை வைத்தார். "ஈரக்காயப் பெட்டியில போட்டா டில்லி போறதுக்குள்ள அழுகிருமே அம்மிணி. இத்தனையும் எங்க போட்டுக் காயவெப்பீங்க?" வெயிலில் போட்டால் காய் வெந்துவிடும். நிழல் வேண்டும், காற்று வேண்டும், இடம் வேண்டும். அக்கா திரும்பி மதிலைப் பார்த்தார். மாஷ் ஏற்கெனவே தலைமை ஆசிரியரைத் தேடிப் போய்விட்டிருந்தார்.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடத்து ஹாலில் அம்மாவும் மற்றப் பெண்களும் பழைய சேலைகளை விரித்தார்கள். ஜன்னல்களை எல்லாம் திறந்து, மின்விசிறிகளை ஓடவிட்டு, காய்களைப் பரப்பினோம். லீவு நாளிலும் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். துணியால் துடைத்துத் திருப்பித் திருப்பி வைத்தார்கள். முன்பு மாம்பூக் காலத்தில் சாத்தியே கிடந்த ஜன்னல்கள் அவை. அன்று அந்த ஹாலுக்குள் பச்சை மாங்காயின் பால்வாசனை தவிர வேறொன்றும் இல்லை. ராவுத்தர் ஒரு செந்தூரத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "மூஞ்சி கழுவிப் பொட்டு வெச்ச மாதிரி இருக்குது" என்று மாஷிடம் சொன்னார். மாஷ் அதை அக்காவிடம் போய்ச் சொன்னார். அக்கா, "கழுவுனது நான்தானே, என்கிட்டச் சொன்னா என்ன?" என்றார். மாலையில் லாரி புறப்பட்டது.

அதோடு எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்றால் நானும் இங்கேயே முடித்துவிடுவேன். ராவுத்தர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவருக்கு மருந்துக்குப் பதில் தண்ணீர் என்பதில் வருத்தமும் இல்லை. ஆனால் ஆட்களில் மூன்று பேர் காய்ச்சலில் விழுந்தார்கள். தை மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றை எங்கள் ஊரில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், நனைந்த உடம்போடு அதில் மரத்தின்மேல் நிற்பது என்றால் என்னவென்று. இன்னொரு வருஷம் இந்த வேலைக்கு வர மாட்டோம், காய்ந்த மரம் ஊரில் எத்தனையோ இருக்கிறது என்று அவர்கள் டீக்கடையில் பேசிக்கொண்டது அக்காவின் காதுக்கும் போயிற்று. ஆட்கள் வராமல் மேஸ்திரி மட்டும் வந்து என்ன செய்வது? "பறிக்க ஆளிருந்தா எனக்கு ஆட்சேபணையில்லை அம்மிணி, ஆளிருக்காங்களா?" என்று ராவுத்தர் கேட்டார். ஆள் இல்லையென்றால் மோட்டாரில் மறுபடி மருந்து. கைக்குட்டைகள் மறுபடி பெட்டிக்குள்.

இந்த நிலையில்தான் சிங்க மாதப் பிறப்பு, நம் ஆவணி முதல் தேதி, வந்தது. கேரளத்தில் அன்று உழவர் நாள். ஒவ்வொரு பஞ்சாயத்திலும் கிருஷி பவன் சார்பில் விவசாயிகளை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவார்கள். மண்ணைக் கெடுக்காமல் விவசாயம் செய்ததற்காக எங்கள் மேடம் அக்காவின் பெயரைச் சொன்னார். அதை அக்காவிடம் சொல்லப் போனது நான். மாஷுக்கும் சேர்த்துப் போர்த்தினால் வருகிறேன், இல்லாவிட்டால் இல்லை என்றார் அக்கா. விழா ஏற்பாட்டுக் கூட்டத்தில் ஒரு பஞ்சாயத்து மெம்பர் நியாயமாகவே கேட்டார், மாஷ் ஒரு செடியாவது நட்டிருக்கிறாரா என்று. அக்கா எழுந்து, "நட்டதில்லீங்க. என்கூடச் சண்டை போட்டாரு. அவரு அன்னைக்கு வந்து மதிலோரம் நிக்காமப் போயிருந்தா நான் இன்னைக்கும் மருந்துதான் அடிச்சிட்டிருப்பேன். வாத்தியாருன்னா அது போதாதுங்களா?" என்றார். மேடம் அன்றே ஆசிரியருக்கும் ஒரு பொன்னாடை என்று எழுதிக்கொண்டார். மாஷ் பக்கத்தில் இருந்த என்னிடம் குனிந்து, "பாருடே, திட்டுதாவளா பாராட்டுதாவளான்னே தெரியல" என்றார்.

விழா அன்று வெளியே தூறல். பஞ்சாயத்து ஹால் நிறைந்திருந்தது. பின் வரிசையில் அப்பாவும் அவருடைய ஆட்களும், என்னால் வற்புறுத்திக் கூட்டிவரப்பட்டவர்கள், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்குப் போர்த்தினார்கள். மாஷுக்குப் போர்த்தினார்கள்; பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கைதட்டியதில் தலைவரின் பேச்சு கேட்கவில்லை. பிறகு அக்காவை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அக்கா ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டார். நன்றி சொல்வார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் நேராகப் பின் வரிசையைப் பார்த்தார்.

"மேஸ்திரி, பொன்னாடை எல்லாம் செரி. பூ வரப்போகுது. தையில காய் பறிக்க வருவீங்களா மாட்டீங்களா? மாட்டீங்கன்னா இதைய இங்கயே கழட்டி வெச்சுட்டுப் போறேன், போட்டுக்கறதுக்கு எனக்கு யோக்கியதை இல்லை."

தலைவர் மேடத்தைப் பார்த்தார், மேடம் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். இத்தனை பேருக்கு நடுவில் எழுந்து பேசிப் பழகாதவர். பக்கத்தில் இருந்த ஆட்களிடம் குனிந்து ஏதோ கேட்டார். அவர்கள் ஏதோ சொன்னார்கள். ஒருவர் கையால் தோளைத் தேய்த்து, குளிர்கிற மாதிரி காட்டினார். அப்பா எழுந்து நின்றார்.

"வர்றோமுங்க. ஆனா ஒரு கண்டிசனுங்க."

"சொல்லுங்க."

"தண்ணி சுடுதண்ணியா இருக்கோணும்."

ஹால் முழுக்கச் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. ஒலிபெருக்கியை இன்னும் கிட்டே இழுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "சுடுதண்ணி" என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு. மாஷ் மேடையிலேயே எழுந்து நின்று கைதட்டினார்.

இந்தத் தை மாதம் ஒரு காலையில் நான் அலுவலகத்துக்குப் போகிற வழியில் தோப்புக்குள் நுழைந்தேன். காற்று எப்போதும் போல அடித்துக்கொண்டிருந்தது. மாமரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டி, கல்யாண வீட்டு அண்டா ஒன்றை ஏற்றி, அக்கா காய்ந்த மாஞ்சுள்ளிகளைத் தள்ளித் தள்ளி எரித்துக்கொண்டிருந்தார். பொழுது விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டியிருக்கிறார் என்று சாம்பலைப் பார்த்தாலே தெரிந்தது. கொதித்த தண்ணீரைச் செம்பால் மொண்டு மொண்டு டிரம்மில் ஊற்றினார். மோட்டார் ஓடியது. அந்த நீளக் குழாய் முழுக்கக் கடந்து, காற்றில் தூவானமாகச் சிதறி, இலைக்கு இலை சொட்டி மேலே போய்ச் சேர்வதற்குள் அந்தத் தண்ணீரில் சூடு இருக்காது. நான் நின்ற இடத்தில் என் கையில் பட்ட துளியே சில்லென்றிருந்தது. கொம்பில் அப்பா நின்றிருந்தார், தலையும் தோளும் நனைந்து.

அக்கா செம்பைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். "சூடு போதுங்களா மேஸ்திரி?"

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். பற்கள் கிட்டிப்போயிருந்தன. பக்கத்துக் கொம்புகளிலிருந்து ஆட்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போதுமுங்கக்கா" என்றார். "இன்னுங் கொஞ்சம் சூடாச்சுன்னா ஒடம்பு வெந்தரும்."